முதல் பேட்ச் அனுப்புவதற்கு முன்னும் பின்னும்

“இரண்டு வருடமாக பைத்தான் எழுதுகிறேன். ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் பங்களிக்க ஆசை. பெயர்பெற்ற திட்டங்கள் இரண்டு மூன்றைத் திறந்து பார்த்தேன். ஆயிரக்கணக்கில் கோப்புகள், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது? நான் எழுதியதைப் பார்த்துச் சிரிப்பார்களா? நிரல் எழுதாமலும் பங்களிக்க முடியுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு ‘முடியும்’ என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், விவரம் பின்னால் வரும். சிரிப்பார்களா என்றால், மாட்டார்கள். சிரிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே சுற்றிச்சுற்றி இங்கேதான் வந்து நிற்கும். நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று திறந்துவிட்ட ஓப்பன் சோர்ஸ் உலகில் நிரலுக்குப் பஞ்சமில்லை. வந்த நிரலைப் படித்து, ஓட்டிப் பார்த்து, சேர்த்துக்கொண்டு, அனுப்பியவர் போன பிறகும் வருடக்கணக்கில் கட்டிக்காக்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். மெயின்டெய்னர் என்கிறார்களே, அந்தப் பராமரிப்பாளர். பல திட்டங்களில் அவர் பகல் வேலையெல்லாம் முடிந்து ராத்திரி லேப்டாப்பைத் திறக்கிற ஒற்றை ஆள். அவருடைய அரை மணி நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று யோசித்தாலே, என்ன செய்யவேண்டும் என்பதில் பாதி விளங்கிவிடும்.

முதலில் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. ‘புதியவர்களுக்கு ஏற்ற நூறு திட்டங்கள்’ மாதிரியான பட்டியல்களை மூடி வைத்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு உங்களோடு இன்னும் ஆயிரம் பேர் அதே கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, போன மாதம் எந்தெந்த மென்பொருளை வாய்விட்டுத் திட்டினீர்கள் என்று யோசியுங்கள். எடிட்டரில் போட்டிருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன், பிடிஎஃப் திறக்கிற செயலி, இம்போர்ட் செய்துவிட்டு மறந்துபோன ஏதோ ஒரு லைப்ரரி. நீங்களே பயன்படுத்தும் பொருள் என்றால் அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லித்தர யாரும் வேண்டாம். உங்கள் பைத்தான் வேலை எதிலாவது நிறுவியிருக்கும் லைப்ரரிகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஊரறிந்த பெயர்கள் நாலு இருக்கும். அவற்றின் முதுகுக்குப் பின்னால், நீங்கள் கேள்விப்பட்டே இராத முப்பது பெயர்கள் வரிசையில் நிற்கும். அந்த முப்பதில்தான் உங்களுக்கு இடம் காலியாக இருக்கிறது.

பெயர் கிடைத்ததும் திட்டத்துக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் எத்தனை பேர் நட்சத்திரம் குத்தியிருக்கிறார்கள் என்பது இதற்கு உதவாது. மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட்களுக்கு (‘என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வேண்டுகோள்களுக்கு) போய், வெளியாட்கள் அனுப்பியவற்றில் ஒரு இருபதை நிதானமாகப் படியுங்கள். பதில் வர எத்தனை நாள் ஆனது, என்ன தொனியில் வந்தது, எதற்காக மறுத்தார்கள், எதைத் திருத்தச் சொன்னார்கள். இருபது படித்தால் அந்த வீட்டு நடப்பு முழுக்கத் தெரிந்துவிடும். புதியவர் ஒருவரை எடுத்தெறிந்து பேசியிருந்தால் அடுத்த திட்டத்துக்குப் போய்விடுங்கள், உலகத்தில் திட்டங்களுக்கா குறைச்சல். சில இடங்களில் பேச்சு மரியாதையாக இருக்கும், ஆனால் கதவே திறக்காது. எஸ்கியூலைட் இதற்கு நல்ல உதாரணம். உங்கள் போனில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் அது. அதன் நிரலை யாரும் பார்க்கலாம், எடுக்கலாம், விற்கக்கூடச் செய்யலாம்; ஆனால் வெளியாள் அனுப்பும் பேட்ச்சை, அதாவது நிரல் திருத்தத்தை, பொதுவாக ஏற்பதில்லை என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். நிரல் திறந்திருப்பதும் பங்களிப்புக்குத் திறந்திருப்பதும் வெவ்வேறு.

உரிமக் கோப்பு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். நிரலைப் பொதுவில் போட்டுவிட்டதாலேயே அது ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. உரிமம் இல்லையென்றால் பதிப்புரிமை முழுக்க எழுதியவருடையது, நீங்கள் தொடவே அனுமதி கிடையாது என்று பொருள். ஓப்பன் சோர்ஸ் என்றால் எம்ஐடி, அப்பாச்சி, ஜிபிஎல் போன்ற உரிமங்களில் ஏதாவது ஒன்று இருக்கும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து வருகிற ‘கட்டற்ற மென்பொருள்’ என்ற பெயருக்கும் 1998இல் பிறந்த ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற பெயருக்கும் நடுவில் ஒரு பழைய சண்டை உண்டு. இப்போதைக்கு அதில் நீங்கள் தலையிட வேண்டாம். வேலையில் இருப்பவர் என்றால், உங்கள் நிறுவன ஒப்பந்தத்தில் ‘நீங்கள் எழுதுவதெல்லாம் எங்களுக்கே சொந்தம்’ என்ற வரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். பலருடைய ஒப்பந்தத்தில் இருக்கும்.

அடுத்தது, ரெப்போவை (திட்டத்தின் நிரல் கிடங்கை) உங்கள் கணினிக்கு இறக்கி, பில்ட் செய்து, நிரல் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களை ஓட்டிப் பச்சை காட்ட வைப்பது. இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை, ஆனால் பாதிப்பேர் இங்கேயே கழன்றுகொள்வார்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் சொன்னபடி செய்தால் மூன்றாவது கட்டளையில் ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று நின்றுவிடும். இரண்டு மணி நேரம் தேடி, எதையோ நிறுவி, தாண்டிவிடுவீர்கள். அந்த ‘எதையோ’ என்ன என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் முதல் பங்களிப்பு. பராமரிப்பாளரின் கணினியில் அந்த லைப்ரரி ஐந்து வருடமாக இருக்கிறது, ரீட்மீயில் அது விடுபட்டிருப்பது அவர் கண்ணில் படவே படாது. புதியவரின் கண்ணுக்கு மட்டும் தெரியும், அதுவும் இரண்டு வாரத்துக்குத்தான். அதற்குப் பிறகு உங்களுக்கும் பழகிப்போய்விடும்.

பங்களிப்போருக்கான வழிகாட்டி என்று ஒரு கோப்பு இருக்கும். அதைப் படிக்காமல் வருகிறவர்களை அனுபவப்பட்ட பராமரிப்பாளர் முதல் பத்து நொடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இனி வழு, அதாவது பக். எப்படிப் பிடிப்பது, எப்படிச் சொல்வது, எப்படித் திருத்துவது என்று பொதுவாகச் சொல்வதைவிட என் கதையையே சொல்கிறேன். நான் தினமும் பயன்படுத்திய ஒரு சின்ன ஃபைல் மேனேஜர், ஒரே ஆள் பராமரித்தது. அதன் தேடல் பெட்டியில் ‘கொடை’ என்று தட்டினால் ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்றது. கொடை என்று தொடங்கும் கோப்போ அதற்குக் கீழேயே, கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறது. அதே கோப்பின் பெயரை அழித்துவிட்டு மறுபடி நானே தட்டினால், தேடலில் சமர்த்தாக வந்தது.

தேடல் சரியில்லை என்று நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். நல்ல வேளை, பைத்தானில் அந்த இரண்டு பெயர்களின் நீளத்தைக் கேட்டுப் பார்த்தேன். நான் தட்டிய ‘கொடை’க்கு 4 என்றது; கோப்பிலிருந்த ‘கொடை’க்கு 5. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் முறையான யூனிகோடில் ‘கொ’வை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு வழி. முன்னால் வரும் எகரக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறிகளாக வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் அச்சாக ஒன்றேதான். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிற நிரலுக்கு அவை வேறு வேறு சொற்கள். என் கோப்பு ஒரு பழைய மேக்கிலிருந்து வந்தது. அந்தக் காலத்து மேக்கின் ஃபைல் சிஸ்டம் பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். முடிச்சு அவிழ்ந்தது.

இப்போது இதைப் பராமரிப்பாளருக்குச் சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. ‘கொடை’யை அனுப்பினால் அவர் கண்ணுக்கு அது வெறும் கோலம், தன் கணினியில் தட்டிப் பார்க்கவும் முடியாது. யோசித்தபோது பிடிபட்டது, இதே சிக்கல் பிரெஞ்சில் மேலே சாய்கோடு போட்ட எழுத்துக்கும் வரும் என்பது. அப்படி ஒரு பிரெஞ்சுப் பெயரை வைத்து அதே வழுவை வரவழைத்துக் காட்டினேன். தமிழை இரண்டாவது உதாரணமாக வைத்தேன். அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், இந்தக் கட்டளையை ஓட்டினால் இப்படி ஒரு கோப்பு உருவாகும், தேடல் பெட்டியில் இதைத் தட்டவும், கோப்பு வரவேண்டும், ஆனால் வரவில்லை, காரணம் இதுவாக இருக்கலாம். ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருந்தது, என் ஆங்கிலம் ஒன்றும் பிரமாதம் கிடையாது. படிகள் சரியாக இருந்தால் இலக்கணத்தை யாரும் பார்ப்பதில்லை. மறுநாளே பதில் வந்தது: “என் கணினியிலும் வருகிறது. திருத்த விருப்பமா?”

பராமரிப்பாளர் தன் கணினியில் அந்த வழுவை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பாதி தீர்ந்த மாதிரி. ‘வேலை செய்யவில்லை, உடனே சரி செய்யவும்’ என்று வரும் அறிக்கைகளுக்கு அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அறிக்கை போடுவதற்கு முன்னால், அதே வழுவை வேறு யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடிவிடுங்கள். ஒரு விஷயம் மட்டும் விதிவிலக்கு: பாதுகாப்பு ஓட்டை என்று தோன்றினால் பொதுவில் போடவே கூடாது. அதைத் தனியாகத் தெரிவிக்க ஒரு முகவரி பெரும்பாலும் கொடுத்திருப்பார்கள்.

ஆயிரம் கோப்புகளைப் பார்த்து மலைத்ததாகச் சொன்னீர்கள். அந்த ஆயிரத்தையும் யாரும் படிப்பதில்லை, பராமரிப்பாளர் உட்பட. நான் செய்தது, திரையில் தெரிந்த ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்ற வாக்கியத்தை அப்படியே நிரல் முழுக்கத் தேடியதுதான். ஒரு கோப்பில் அகப்பட்டது. அந்த வாக்கியத்தைக் காட்டும் ஃபங்ஷனை யார் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு படி மேலே, அவரை யார் என்று இன்னொரு படி. மூன்றாவது படியில் இரண்டு பெயர்களை ஒப்பிடும் வரி வந்துவிட்டது. இப்படி ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போனால் மொத்தக் கட்டடத்தையும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, ஒரு மாடிப்படி தெரிந்தால் போதும். அந்த வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தெரியவேண்டுமா? நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி கிட்; அதன் கிட் பிளேம் கட்டளை, எந்த கமிட்டில் (பதிவு செய்த மாற்றத்தில்) யார் எழுதியது என்று காட்டும். அந்த கமிட்டின் குறிப்பைப் படித்தால், முட்டாள்தனம் என்று நீங்கள் நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்திருப்பது பல நேரம் தெரியவரும்.

முன்பு சரியாக ஓடிக்கொண்டிருந்தது இப்போது ஓடவில்லை என்ற வகை வழு என்றால் வேலை இன்னும் சுலபம், கிட் பைசெக்ட் இருக்கிறது. நல்ல பதிப்பு இது, கெட்ட பதிப்பு இது என்று சொல்லிவிட்டால் நடுவில் பாதிப்பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்தே சோதனையில் குற்றவாளி கையில். நிரல் திருத்தத் தெரியாதவர்கூட ‘இந்த கமிட்டிலிருந்துதான் உடைகிறது’ என்று இதை வைத்துச் சொல்ல முடியும். அப்படி வரும் அறிக்கைகளைப் பராமரிப்பாளர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

என் திருத்தம் இரண்டே வரி. ஒப்பிடுவதற்கு முன் இரு பெயர்களையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவருவது. கூடவே ஒரு டெஸ்ட், நிரலைத் தொடுவதற்கு முன்னாலேயே எழுதி, சிவப்பு காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். திருத்திய பிறகு பச்சை. தனி பிராஞ்ச் (கிளை), கமிட், புஷ் (பதிவேற்றம்), புல் ரிக்வெஸ்ட். பெருமையாகத் தூங்கப் போனேன். காலையில் ஒரே ஒரு வரி பதில் வந்திருந்தது: “640 வரி மாறியிருக்கிறது, இதில் உங்கள் மாற்றம் எங்கே?”

என் எடிட்டர், சேமிக்கும்போது கோப்பு முழுவதையும் தன் இஷ்டத்துக்கு இடைவெளி விட்டு அடுக்கி வைத்துவிட்டது. எந்தெந்த வரி மாறியது என்று காட்டும் டிஃப்பைப் பார்க்காமலே நான் அனுப்பியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அன்றிலிருந்து, அனுப்புவதற்கு முன் டிஃப்பை வேறொருவர் எழுதியதாக நினைத்துக்கொண்டு வரிவரியாகப் படிப்பேன். போகிற போக்கில் இன்னொரு வேரியபிளின் பெயரையும் அழகாக்கிவிடலாமே என்று கை அரிக்கும், கூடாது. அது வேறு புல் ரிக்வெஸ்ட். படிக்கிறவருக்கு 20 வரி வந்தால் இன்று ராத்திரியே படிப்பார். 600 வரி வந்தால் வார இறுதிக்குத் தள்ளிவைப்பார், அந்த வார இறுதி வராது.

என்ன மாற்றினீர்கள் என்பதை நிரலே சொல்லும், கமிட் குறிப்பில் ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். தலைப்பு சுமார் 50 எழுத்துக்குள், ஒரு வரி விட்டு, கீழே விளக்கம். ‘சின்னத் திருத்தம்’ என்று தலைப்பு வைத்தால் மூன்று வருடம் கழித்து கிட் பிளேம் போட்டு வந்து படிப்பவர் உங்களைச் சபிப்பார். அந்த ஆள் நீங்களாகவே இருக்கவும் வாய்ப்புண்டு.

சுத்தமாக மறுபடி அனுப்பினேன். இந்த முறை ரிவ்யூவில் வேறொன்று சொன்னார்: ஒப்பிடுவதற்கு மட்டும் வடிவத்தை மாற்றுங்கள், மாற்றிய பெயரைக் கோப்பைத் திறக்கப் பயன்படுத்தாதீர்கள். லினக்ஸில் கோப்புப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. நான் மாற்றிய பெயரில் அங்கே கோப்பே இருக்காது, தேடல் கண்டுபிடித்துக் கொடுக்கும், சொடுக்கினால் திறக்காது. நான் கனவிலும் யோசிக்காத விஷயம். ரிவ்யூவில் வரும் திருத்தங்களைப் பரீட்சைத் தாளில் விழுந்த சிவப்பு மையாகப் பார்த்து முகம் சுருங்கிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களைவிட அந்த நிரலை நன்றாகத் தெரிந்த ஒருவர், காசு வாங்காமல் உட்கார்ந்து உங்களுக்குச் சொல்லித்தருகிறார். ஒப்புக்கொள்ள முடியவில்லை என்றால் காரணத்தோடு மறுத்துப் பேசலாம், தப்பில்லை. முடிவு அவருடையது, ஏனென்றால் நாளைக்கு அது உடைந்தால் அடி அவர் மேல்தான் விழும்.

எவ்வளவு பலமாக விழும் என்பதற்கு, இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி சாட்சி. 2012இல் வெளிவந்த அதன் ஒரு பதிப்பில் வெளியாள் ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதிய நிரல் சேர்ந்தது. எதிர்ப்பக்கம் சொல்லும் நீளம் உண்மைதானா என்று சரிபார்க்கும் ஒரு சோதனை அதில் விட்டுப்போயிருந்தது. ரிவ்யூவிலும் நழுவிவிட்டது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெயரோடு அது வெளியே வந்தபோது, இணையத்தில் ஏராளமானோர் சான்றிதழ்களையும் கடவுச்சொற்களையும் மாற்ற ஓடினார்கள். இத்தனைக்கும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்.

கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இசட் கதை இதைவிட மோசம். ஒருவர் சுமார் இரண்டு வருடம் பொறுமையாக நல்ல பேட்ச்களாக அனுப்பி, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, தானும் பராமரிப்பாளராகி, 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திருட்டுக் கதவு வைத்தார். அதன் நிரல், டெஸ்டுக்கென்று போட்ட பைனரி கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று கிளறப்போய்த்தான் அது அகப்பட்டது. ஆகவே, முன்பின் தெரியாத உங்களிடமிருந்து வரும் பேட்ச்சைப் பராமரிப்பாளர் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் வருந்தாதீர்கள். புரியாத பைனரி கோப்பு எதையும் சேர்த்து அனுப்பாதீர்கள். ஆரம்பத்திலேயே பெரிய பொறுப்பைக் கேட்காதீர்கள்.

நேரத்தை வீணாக்குவது என்றதும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நினைவுக்கு வருகிறது. அக்டோபரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் என்று 2014இல் தொடங்கியது அது. 2020இல் ரீட்மீயில் ‘அருமையான திட்டம்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிற கூட்டம் பெருகி, பராமரிப்பாளர்கள் குப்பை அள்ளியே அலுத்துப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டிவந்தது. இப்போது அந்த இடத்தை ஏஐ பிடித்திருக்கிறது. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டத்தை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்பு அறிக்கைகளைப் படித்தே நேரம் போகிறது என்று வெளிப்படையாகப் புலம்பியிருக்கிறார். ஏஐயிடம் நிரலை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஆனால் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்கள் வாயால் சொல்ல முடியாவிட்டால் அனுப்பாதீர்கள். சில திட்டங்கள் ஏஐ எழுதிய நிரலே வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கின்றன. அதை மீறிவிட்டு மறைப்பது நம்பிக்கையைக் கெடுக்கும்.

அனுப்பிவிட்டீர்கள், பதிலே இல்லை. இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு ‘இதில் நான் திருத்த வேண்டியது ஏதாவது இருக்கிறதா’ என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். அதற்கும் மௌனம் என்றால் விட்டுவிடுங்கள், ஆள் உடம்பு சரியில்லாமலும் இருக்கலாம், வேலை மாறிப் போயிருக்கவும் கூடும். பெரிய வசதி ஒன்றைச் சேர்க்க நினைத்தால் மட்டும், எழுதுவதற்கு முன்பே ஒரு இஷ்யூ (விவாதப் பதிவு) போட்டு ‘இது வேண்டுமா’ என்று கேட்டுவிடுங்கள். மூன்று வாரம் எழுதிய பிறகு ‘எங்களுக்கு இது தேவையில்லை’ என்று கேட்பது வலிக்கும்.

எல்லா இடத்திலும் புல் ரிக்வெஸ்ட் என்று நினைக்கவேண்டாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு இன்றும் மின்னஞ்சலில்தான் பேட்ச் போகும், அதுவும் வெறும் உரையாக. யாருக்கு அனுப்புவது என்று சொல்லவும், நிரலின் எழுத்து நடையைச் சரிபார்க்கவும் கெர்னலோடேயே ஸ்கிரிப்ட்கள் வருகின்றன. அடியில் உங்கள் பெயரிட்டு ஒப்புதல் வரி ஒன்றும் வேண்டும், இதை அனுப்ப எனக்கு உரிமை இருக்கிறது என்ற உறுதிமொழி அது, 2004இலிருந்து நடைமுறை. வேறு சில திட்டங்கள் தனி ஒப்பந்தமே கையெழுத்திடச் சொல்லும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், உங்கள் நிரலைப் பிறகு வேறு உரிமத்தில் வெளியிடும் உரிமையைச் சிலர் அதில் கேட்பார்கள்.

நிரல் எழுதாத பங்களிப்புக்கு வருவோம். திறந்து கிடக்கும் பழைய வழு அறிக்கைகளை எடுத்து, இன்றைய பதிப்பிலும் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்து ‘இன்னும் வருகிறது’, ‘இப்போது வரவில்லை’ என்று எழுதுவது ஒன்று. யாரும் கைதட்ட மாட்டார்கள், பராமரிப்பாளர் மட்டும் உங்களை மறக்க மாட்டார். மொழிபெயர்ப்பு இன்னொன்று, இதை லேசாக நினைக்காதீர்கள். மென்பொருள் ‘இன்னதை நீக்கவா?’ என்று கேட்க வேண்டும்; பெயர் வருமிடத்தில் ஒரு குறி வைத்திருப்பார்கள். நீங்கள் அந்தக் குறிக்குப் பின்னால் ‘ஐ’ சேர்த்து மொழிபெயர்த்தால், கோப்பின் பெயர் ‘படம்’ என்றிருக்கும்போது திரையில் ‘படம்ஐ நீக்கவா?’ என்று வந்து நிற்கும். ‘படத்தை’ என்று மாற்ற அந்த நிரலுக்குத் தெரியாது. அதனால் ‘படம் என்ற கோப்பை நீக்கவா?’ என்று வாக்கியத்தையே திருப்பிப் போட வேண்டும். வேற்றுமை உருபு பெயரில் ஒட்டாமல் ‘கோப்பு’ என்ற சொல்லில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த மாதிரி நெளிவுசுளிவு மொழிக்குச் சொந்தக்காரருக்குத்தான் வரும். முதலில் அந்தத் திட்டத்தின் சொற்பட்டியலைப் பாருங்கள். ஒரே மெனுவில் ‘சேமி’யும் ‘பாதுகா’வும் மாறிமாறி வந்தால் பயனர் இரண்டும் வேறு என்று நினைப்பார். கண்டிப்பாக மொழிபெயர்த்ததை நிறுவி, ஓட்டி, பொத்தானுக்குள் சொல் அடங்குகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம்.

காசு கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். அவுட்ரீச்சி, 2005இலிருந்து நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் இரண்டும் உதவித்தொகையோடு, வழிகாட்டி ஒருவரையும் தந்து சில மாதம் ஒரு திட்டத்தில் வேலை செய்ய வைக்கும். விண்ணப்பம் திறந்த அன்று போய் அறிமுகமாகிறவருக்கும், ஆறு மாதமாகச் சின்னச்சின்ன பேட்ச் அனுப்பிக்கொண்டிருப்பவருக்கும் நடுவில் யாரை எடுப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் ஃபைல் மேனேஜர் கதை, திருத்தம் மெர்ஜ் ஆனதோடு (நிரலில் சேர்ந்ததோடு) முடியவில்லை. சில மாதம் கழித்து ஒரு இஷ்யூவில் என் பெயரைச் சுட்டியிருந்தார்கள்: பத்தாயிரம் கோப்புகள் உள்ள ஃபோல்டரில் தேடல் பெட்டியில் ஒவ்வொரு எழுத்து தட்டும்போதும் திரை உறைந்துபோகிறது. பைசெக்ட் செய்து என் கமிட்டைக் காட்டியிருந்தார் ஒரு புண்ணியவான். ஒவ்வொரு முறை விசையைத் தட்டும்போதும் பத்தாயிரம் பெயர்களையும் புதிதாக வடிவம் மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபோல்டரைத் திறக்கும்போது ஒருமுறை மாற்றி எடுத்து வைத்துக்கொள்ளுமாறு திருத்தினேன். மாற்றம் 6 வரி. இந்த முறை டிஃப்பிலும் 6 வரிதான்.